மருந்தியல் மேற்படிப்பில் நான் பாடம் தேர்ந்தெடுத்த லட்சணம்

மாத்திரைப் பாட்டில்களை ஸ்டெபிலிட்டி சேம்பருக்குள், அதாவது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டிக்குள், அடுக்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதம், 6 மாதம். தீசிஸ் ஒப்படைக்க எனக்கு இருந்ததோ 5 மாதம். மறுபடி எண்ணினேன், அப்போதும் 5 தான். வேறு வேலை என்றால் ராப்பகலாக உட்கார்ந்து முடித்துவிடலாம். இது மாத்திரை கெட்டுப் போகிறதா என்று பார்க்கும் சோதனை, அது தன் பாட்டுக்கு அங்கே இருந்துதான் ஆக வேண்டும், நான் தூங்காமல் இருப்பதால் அதற்கு ஒரு பலனும் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால் இந்த 6 மாதக் கணக்கு ஒன்றும் ரகசியம் இல்லை. ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பு மருந்துகளுக்கு வகுத்த வழிகாட்டுதல்களில் கியூ1ஏ என்று ஒன்று இருக்கிறது, மருந்தின் நிலைத்தன்மையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது. துரிதச் சோதனை என்றால் 6 மாதம், அதில் 0, 3, 6 என்று குறைந்தது மூன்று முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. அதைச் சொல்லித் தரும் ரெகுலேட்டரி (மருந்து ஒழுங்குமுறை) பாடம் முதல் செமஸ்டர் பட்டியலிலேயே இருந்தது. 'சட்டதிட்டத்தை எல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது' என்று அதை மூன்றாவது செமஸ்டருக்குத் தள்ளியவன் நான். அந்தப் பாடத்தில் நிலைத்தன்மை பற்றிய வகுப்பு பதின்மூன்றாவது வாரம் வந்தது. என் முதல் பேட்ச் (ஒரே தடவையில் சேர்த்துச் செய்த தொகுதி) மாத்திரை அதற்கு இரண்டரை மாதம் முன்பே தயாராகி அலமாரியில் சும்மா இருந்தது.

இப்போது ஜூனியர்கள் யாராவது "எந்த கோர்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்டால் எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகம் வரும். எதை எடுக்கலாம் என்பதைவிட எதை எப்போது எடுப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன், அதனால் இங்கே எழுதப்போவதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி வேறு. நான் படித்தது ஆய்வேட்டோடு கூடிய இரண்டு வருட முதுகலை. 36 கிரெடிட், அதில் 27 பாடங்களுக்கு, 9 தீசிஸுக்கு. ஒரு பாடம் 3 கிரெடிட், ஆக ஒன்பது பாடம். நான்கு கட்டாயம், ஐந்து நம் விருப்பம். அதற்கு முன் நான்கு வருடம் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன், கால்குலஸ் எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது.

முதல் செமஸ்டரில் எடுத்த மூன்றையும் பெயரை வைத்துத்தான் எடுத்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மேம்பட்ட மருந்தாக்கவியல், மூலக்கூறு மருந்தியல், அப்புறம் நானோ மருந்து விநியோகம். மூன்றாவதைப் பார்த்தவுடனே கை தானாக அதில் போய் நின்றது. கட்டாயப் பாடங்களான பார்மகோகைனெடிக்ஸையும் (உடலுக்குள் மருந்தின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்ற கணக்கு) பயோஸ்டாட்டிஸ்டிக்ஸையும் (மருந்து ஆய்வுக்கான புள்ளியியல்) 'எப்படியும் எடுத்துத்தானே ஆக வேண்டும், எப்போது எடுத்தால் என்ன' என்று ஒதுக்கி வைத்தேன். இந்த ஒரு நினைப்பில்தான் எல்லாமே கெட்டது.

நானோ பாடம் முழுக்க கட்டுரை வாசித்து விவாதிக்கும் வகுப்பு. வாரம் இரண்டு கட்டுரை, ஆளுக்கொன்று எடுத்துப் பேச வேண்டும். சிலபஸில் முதல் பக்கத்திலேயே அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. என் முறைக்கு வந்தது லிபோசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து பற்றிய கட்டுரை, 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து இந்தத் துறையில் எல்லாரும் முதலில் எடுத்துக் காட்டுவது. அதில் ஒரு வரைபடம். ரத்தத்தில் மருந்தின் அளவு நேரம் போகப் போக எப்படி இறங்குகிறது என்று இரண்டு கோடு, சாதா டாக்ஸோரூபிசினுக்கு ஒன்று, லிபோசோமுக்கு ஒன்று. நான் திரையில் விரலை வைத்து, "இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிகிறது" என்று சொன்னேன். வகுப்பில் ஒரு அமைதி. பேராசிரியர் எழுந்து வந்து, செங்குத்து அச்சின் ஓரத்தில் இருந்த எண்களைப் பேனாவால் தட்டினார். 0.1, 1, 10, 100. லாக் அளவுகோல், ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நான் கொஞ்சம் என்று சொன்ன இடைவெளி பல மடங்கு வித்தியாசம்.

அன்று அவமானமாக இருந்தது, இப்போது யோசித்தால் அதில் ஒரு தகவல் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் படிக்கத் தேவையானது முழுக்க பார்மகோகைனெடிக்ஸ் பாடத்தின் முதல் மூன்று வாரத்தில் வந்துவிடும், அரை ஆயுள் என்றால் என்ன, முதல் படி வெளியேற்றம் (இருக்கும் மருந்தில் ஒரே விகிதம் தொடர்ந்து வெளியேறுவது) ஏன் லாக் தாளில் நேர்கோடாக விழுகிறது, இவ்வளவுதான். அடித்தளப் பாடத்தை எடுக்காமல் மேல்மாடிப் பாடத்தில் போய் உட்கார்ந்தால் சொற்கள் பழகிவிடும், எதையும் எடைபோடத் தெரியாது. அந்த செமஸ்டர் முடிவில் என்னால் ஜீட்டா பொடென்ஷியல், பெக் பூச்சு என்று மடமடவென்று பேச முடிந்தது, ஏன் என்று யாராவது ஒரு கேள்வி கேட்டால் முழி பிதுங்கியது. முன்தேவை என்று சிலபஸில் போட்டிருப்பதைக் கணினி தடுக்கவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. பல பாடங்களில் 'பரிந்துரைக்கப்படும் முன்தேவை' என்றுதான் மென்மையாக எழுதியிருப்பார்கள். கட்டாயம் என்று நினைத்தே அதைப் படியுங்கள்.

சரி, பார்மகோகைனெடிக்ஸை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன் அல்லவா. அடுத்த வருடப் பட்டியலைத் திறந்தால் அது இல்லை. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் அந்தப் பாடம் நடக்கும், சொல்லித் தருபவர் ஒருவர்தான், மாற்று வருடத்தில் அவர் வேறு பாடம் எடுக்கிறார். இரண்டு வருடப் படிப்பில் அப்படிப்பட்ட பாடம் ஒரே ஒரு முறைதான் நம் வாசலுக்கு வரும். கடைசியில் அவரிடமே போய்க் கேட்டு, தனிப்படிப்பாக, வாரம் ஒரு மணி நேரம் அவர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடித்தேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இருபது பேர் வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் கேட்கும் முட்டாள்தனமான கேள்வியில் நமக்குப் பாதி தெளியும் பாருங்கள், அது கிடைக்கவில்லை. அங்கே எல்லா முட்டாள்தனமான கேள்வியையும் நானே கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே சேர்ந்த முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை: துறை அலுவலகத்தில் போய் கடந்த மூன்று நான்கு வருடங்களில் எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் நடந்தது என்ற பட்டியலை வாங்குவது. கையேட்டில் இருக்கும் பாடமெல்லாம் நடக்கும் என்று நம்பாதீர்கள். சில பாடங்கள் கையேட்டில் மட்டுமே உயிரோடு இருக்கும், நடத்தியவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். பழைய பட்டியல் கையில் இருந்தால் எது வருடா வருடம் வருகிறது, எது அபூர்வமாக வருகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அபூர்வமாக வருவதைக் கண்டால் முதலில் பிடியுங்கள், வருடா வருடம் வருவது எங்கேயும் ஓடிவிடாது.

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் கதை இன்னும் நீளம். இரண்டாவது செமஸ்டரில் அதை மருந்தியல் துறையில் எடுக்காமல் புள்ளியியல் துறைக்கே போய் எடுப்போம், அங்கேதான் அசல் சரக்கு இருக்கும் என்று ஒரு கெத்தில் பதிந்தேன். முதல் வகுப்பில் பலகை முழுக்க நிரூபணம். இரண்டாவது வகுப்பில் நேற்றைய நிரூபணத்தின் தொடர்ச்சி. பாடம் மோசம் என்று சொல்ல மாட்டேன், அது கணித மாணவர்களுக்கான பாடம். எனக்குத் தேவையாக இருந்தது எத்தனை மாத்திரையை எப்படி அளந்தால் என் பேச்சை நம்புவார்கள் என்பது. இரண்டாவது வாரக் கடைசியில் கைவிட்டேன். கைவிடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடம் இருந்த சுவடே இருக்காது, அந்தத் தேதி தாண்டி விட்டால் பெயருக்கு நேரே விலகினார் என்று ஒரு குறி நிற்கும். இந்த இரண்டு தேதிகளும் கல்விக் காலண்டரில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், வகுப்பு தொடங்கும் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். இன்னொன்று, முழுநேர மாணவர் என்ற தகுதிக்குக் குறைந்தபட்ச கிரெடிட் என்று ஒன்று இருக்கும், எனக்கு அது 9. ஒரு பாடத்தை விட்டால் 6 ஆகிவிடும், உதவித்தொகையே ஆடிப்போகும். அதனால் விடுவதற்கு முன் அந்த இடத்தில் எதைப் போடுவது என்று தேடி வைத்துக்கொண்டுதான் விட வேண்டும். நான் அவசரத்தில் போட்டது ஒரு கருத்தரங்கப் பாடம், மூன்று கிரெடிட், இன்றுவரை அது எதற்கு என்று எனக்கே தெரியாது.

ஆக, புள்ளியியலும் மூன்றாவது செமஸ்டருக்குப் போனது. அதற்குள் லேபில் என் வேலை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மாத்திரை ஃபார்முலா, பொடியை ஒட்ட வைக்கும் பைண்டரின் அளவு, மாத்திரையை உடைய வைக்கும் டிஸ்இன்டெக்ரன்டின் அளவு, அழுத்தும் விசை, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து எது நன்றாகக் கரைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, அப்புறம் அடுத்ததை மாற்றி என்று இருபதுக்கு மேல் சின்னச் சின்ன பேட்ச் செய்தேன். கை வலித்தது, பெருமையாகவும் இருந்தது. மூன்றாவது செமஸ்டரில் பரிசோதனை வடிவமைப்பு பற்றிய வகுப்பில் பேராசிரியர் பலகையில் ஒரு கனசதுரம் வரைந்தார். மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, மூலைக்கு ஒன்றாக எட்டு பேட்ச். எட்டே எட்டு. அதில் எந்தக் காரணி எதோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதும் தெரிந்துவிடும், என் இருபதில் அது தெரியாது. நான் நோட்டில் கனசதுரத்தை வரைந்துவிட்டு அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

அதே பாடத்தில் அடுத்த அடி. என் ஃபார்முலாவையும் சந்தையில் இருக்கும் மாத்திரையையும் ஒப்பிட்டு வைத்திருந்தேன். மாத்திரை கரைவதை அளக்கும் டிஸ்ஸொலூஷன் கருவியில் ஆறு பாத்திரம், ஒவ்வொன்றிலும் 900 மில்லி, 37 டிகிரி, துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று, ஆறு மாத்திரை. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் அட்டகாசமான முடிவு. வகுப்பு முடிந்ததும் அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன், பாராட்டு வாங்கலாம் என்றுதான்.

"எத்தனை பேட்ச் செய்தாய்?" என்று கேட்டார்.

"இந்த ஃபார்முலாவில் ஒன்று, மேடம். ஆனால் ஆறு மாத்திரை அளந்திருக்கிறேன்."

"ஒரு பேட்ச் என்றால் உன் சாம்பிள் எண்ணிக்கை ஒன்றுதான். ஆறு தடவை அதே பேட்சைக் கேட்டிருக்கிறாய், அது ஆறு தடவையும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது."

அவர் அதோடு விடவில்லை. கரைதல் வளைவுகள் இரண்டை ஒப்பிட எஃப்2 என்ற ஒற்றுமைக் காரணியைப் பயன்படுத்துவார்கள், அது 50-க்கு மேல் இருந்தால் இரண்டும் ஒத்தவை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு பக்கமும் 12 மாத்திரை வேண்டும். என்னிடம் இருந்தது 6. அதாவது என் ஆய்வேட்டின் மையமான அட்டவணைக்கு மாத்திரையும் போதவில்லை, பேட்சும் போதவில்லை. மேலும் இரண்டு பேட்ச் செய்து, எல்லாவற்றையும் திரும்ப அளந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் செமஸ்டரில் அந்தப் பாடத்தை எடுத்திருந்தால் எட்டு பேட்சில் வேலை முடிந்திருக்கும், சேம்பர் கதவையும் காலாகாலத்தில் சாத்தியிருப்பேன்.

இதையெல்லாம் என் கைடு சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நான்தான் அவரிடம் போய் 'கையெழுத்து வேண்டும் சார்' என்று மூன்று பாடத்தின் பெயரை மட்டும் நீட்டினேன். மூன்று பெயரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, நல்ல பாடங்கள்தானே என்று கையெழுத்துப் போட்டார். எங்கள் லேபில் இருந்த ஒரு அக்கா செய்தது வேறு. ஒரு பெரிய தாளில் மேலே இருபத்து நான்கு மாதங்களைக் கட்டம் கட்டி, கடைசிக் கட்டத்தில் தீசிஸ் என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்திருந்தார். எழுத இரண்டு மாதம். அதற்கு முன் எலிகளில் சோதனை மூன்று மாதம். அதற்கும் முன் விலங்கு ஆய்வுக்கான நெறிமுறைக் குழு அனுமதி, விண்ணப்பத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை என்று புள்ளியியல் கணக்கோடு எழுத வேண்டும். அப்படியானால் புள்ளியியல் பாடம் அதற்கும் முன்னால், முதல் செமஸ்டரிலேயே. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க எச்.பி.எல்.சி. முறை (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி முறை) வேண்டும், ஆகவே கருவிப் பகுப்பாய்வுப் பாடம் இரண்டாவது செமஸ்டரைத் தாண்டக் கூடாது. அந்தத் தாளோடு கைடிடம் போனால் அவரால் பேச முடிகிறது, "எலி வேலைக்கு மூன்று மாதம் போதாது, நான்கு போடு" என்று சொல்ல முடிகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கைடு, ஒரே பாடப் பட்டியல்.

தீசிஸ் தலைப்பு இன்னும் முடிவாகவில்லையே என்றால் பரவாயில்லை. எந்த லேபுக்குப் போனாலும் தேவைப்படுவதை முதலில் எடுங்கள், புள்ளியியல், பார்மகோகைனெடிக்ஸ், கருவிப் பகுப்பாய்வு. இந்த மூன்றும் வீணாகாது. மருத்துவமனைப் பக்கம், மருத்துவ ஆய்வுப் பக்கம் போக நினைப்பவர்கள் கருவிப் பகுப்பாய்வுக்குப் பதில் மருத்துவ ஆய்வு வடிவமைப்போ நோய்ப்பரவலியலோ எடுத்துக்கொள்ளலாம். நானோ, மரபணு, செயற்கை நுண்ணறிவு என்று வாயில் நீர் ஊற வைக்கும் பெயர்களை மூன்றாவது செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவற்றில் இருந்து ஏதாவது கிடைக்கும். ரெகுலேட்டரி பாடத்தைப் பற்றி முன்பு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் எடுத்ததிலேயே அதிகம் சிந்திக்க வைத்த பாடம் அதுதான். ஒரு உதாரணம். ஜெனரிக் மருந்தையும் மூல மருந்தையும் ஒப்பிடும்போது, ரத்தத்தில் சேரும் மருந்தளவுகளின் விகிதத்துக்கான 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் விழ வேண்டும் என்பார்கள். கீழே 20, மேலே 25, இது என்ன கோணல் கணக்கு என்று எனக்கு வருடக்கணக்கில் சந்தேகம், மருந்து எடுத்துக் கொடுத்த காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் மழுப்பியிருக்கிறேன். லாக் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தூரம். 1-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1.25, அவ்வளவுதான். மறுபடி அந்த லாக் அளவுகோல்!

சிலபஸை எப்படிப் படிப்பது என்று ஒரு வார்த்தை. பாடத்தின் பெயரையும் முதல் பத்தியையும் விட்டுவிடுங்கள், அது விளம்பரம். நேரே மதிப்பெண் பிரிக்கும் இடத்துக்குப் போங்கள். பாதிக்கு மேல் தேர்வு என்றால் அது மனப்பாடம் கேட்கும் பாடமாக இருக்க வாய்ப்பு அதிகம், வாராவாரம் கணக்குத் தாள் என்றால் நேரம் விழுங்கும் ஆனால் கையில் ஒரு தொழில் நிற்கும், விவாதத்துக்கும் கட்டுரை வாசிப்புக்கும்தான் மதிப்பெண் என்றால் முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கான இடம். அடுத்தது வாரப் பட்டியல். உங்களுக்கு வேண்டிய தலைப்பு எத்தனையாவது வாரம் வருகிறது? எனக்கு வேண்டியது பதின்மூன்றாவது வாரத்தில் இருந்தது, பதிவு செய்த அன்றே அதைப் பார்த்திருந்தால் அந்த ஸ்லைடுகளை மட்டும் முன்கூட்டி வாங்கிப் படித்திருப்பேன், அதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். முந்தைய வருடம் எடுத்தவர்களிடம் "நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "நல்லா இருக்கும்" என்பார்கள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு? அதில் படிச்சதை லேபில் எங்கே பயன்படுத்தின?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு யோசிக்க ஆரம்பித்தால் அதுவே பதில்.

பதிவு நாள் கூத்து ஒன்று பாக்கி. கருவிப் பகுப்பாய்வுப் பாடத்துக்கு விரிவுரையில் முப்பது இடம். ஆனால் அதோடு சேர்ந்த லேபில் எச்.பி.எல்.சி. கருவி இரண்டுதான், ஒரு பிரிவுக்கு எட்டு பேர், இரண்டு பிரிவு, ஆக பதினாறு. விரிவுரையில் இடம் காலியாகத் தெரியும், லேப் நிறைந்தால் எல்லாம் நிறைந்த மாதிரிதான். காலை எட்டு மணிக்குப் பதிவு திறந்தது. எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு என் கணக்கில் சிவப்புப் பட்டை. தடுப்பூசிச் சான்றிதழ் ஏற்றவில்லை, ஆகையால் பதிவு முடக்கம். அது முந்தின மாதமே அனுப்பிய மின்னஞ்சலில் இருந்திருக்கிறது. சான்றிதழைத் தேடி, போட்டோ எடுத்து, ஏற்றி, அங்கே ஒருவர் அதைப் பார்த்து முடக்கத்தை நீக்கும்போது மணி எட்டே முக்கால். லேப் நிறைந்து காத்திருப்புப் பட்டியலில் ஐந்தாவது ஆள் நான்.

ஐந்தாவது என்றால் அவ்வளவு மோசமில்லை, முதல் வாரத்தில் ஐந்தாறு பேர் விலகுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அதே மாதிரி விலகவும் செய்தார்கள். என் முறையும் வந்தது. ஆனால் இடம் எனக்குப் பின்னால் நின்ற ஆளுக்குப் போனது. விசாரித்தால், எதற்கும் இருக்கட்டும் என்று அதே நேரத்தில் வேறொரு பாடத்தைப் பதிந்து வைத்திருந்தேன் பாருங்கள், நேரம் மோதுகிறது என்று கணினி என்னைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் தப்பு செய்யவில்லை, எந்திரம் தன் வேலையைச் செய்தது. காத்திருப்புப் பட்டியலில் நிற்பவர்கள் மாற்றுப் பாடத்தை வேறு நேரத்தில் பதியுங்கள், அல்லது 'இடம் கிடைத்தால் இதை எடுத்துவிட்டு அதைக் கொடு' என்று சொல்லும் வசதி கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. மொத்தக் கிரெடிட் உச்சவரம்பைத் தொட்டிருந்தாலும் இதே கதைதான். கூடவே, பாடம் நடத்துபவருக்கு முதல் வகுப்புக்கு முன்பே எழுதுங்கள். 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, என் ஆய்வுக்கு இந்த மாதம் இந்த முறை தேவை, இந்தப் பாடம் மறுபடி என் படிப்புக் காலத்தில் வராது என்று இரண்டு வரியில் காரணத்தோடு எழுதினால் அனுமதி கொடுக்கும் வாய்ப்பு அதிகம். நான் ஆர்வத்தைத்தான் எழுதினேன். எச்.பி.எல்.சி.யைக் கடைசியில் அந்த அக்கா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன், கிரெடிட் இல்லாமல், அவர் ஓய்வாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில்.

வேறு துறைப் பாடங்களையும் ஒதுக்காதீர்கள். பொடி எப்படி ஓடுகிறது, கலக்கும்போது ஏன் பிரிகிறது என்று வேதிப் பொறியியல் துறையில் ஒரு பாடம் எடுத்தேன். மாத்திரை செய்பவனுக்கு அதைவிட உபயோகமான பாடம் எங்கள் துறையிலேயே இல்லை. ஒரே எச்சரிக்கை, அந்த கிரெடிட் உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் வருமா என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தைக்கு உத்தரவாதம் கிடையாது, சொன்னவர் அடுத்த செமஸ்டரில் வேறு பொறுப்புக்குப் போய்விடுவார். எடுத்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் ஒரு ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். பிஎச்.டி.க்கு வேறு இடம் போனால் இதே பாடத்தை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அப்போது வாரப் பட்டியலோடு காட்டினால்தான் விலக்கு கிடைக்கும். எனக்கு அப்படி ஒரு பாடம் மிச்சமானது.

தீசிஸ் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 0 மாதமும் 3 மாதமும் மட்டும் வைத்து எழுதினேன். கைடு தலைப்பில் இருந்த 'நிலைத்தன்மை ஆய்வு' என்பதை அடித்துவிட்டு 'முதற்கட்ட நிலைத்தன்மை ஆய்வு' என்று எழுதிக் கொடுத்தார். வாய்மொழித் தேர்வில் வெளியில் இருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வியே 6 மாதம் எங்கே என்பதுதான். சேம்பரில் இருக்கிறது சார் என்றேன். ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த பாட்டில்களை நான் போன பிறகு ஜூனியர் ஒருத்தி எடுத்துச் சோதித்து முடிவை அனுப்பினாள். மூன்று பேட்சிலும் மருந்தின் அளவு அவ்வளவாகக் குறையவில்லை, கரையும் வேகம் மட்டும் ஒன்றில் கொஞ்சம் மந்தம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அண்ணா, நான் இந்த செமஸ்டர் ரெகுலேட்டரி எடுத்திருக்கேன், பதின்மூணாவது வாரம் ஸ்லைடை இப்பவே வாங்கிட்டேன்."